மஞ்சள் பேட் வாங்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார் பாலிஷ் மெஷின் பற்றியவை. மழைக்காலம் முடிந்து வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோரும் மெஷினைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். பெயிண்டில் உரசுவதோ மெஷினில் மாட்டும் ஃபோம் அல்லது கம்பளி வட்டு, அதாவது பேட். அதைப் பற்றி முறையாகக் கேட்டவர்கள் நாலைந்து பேர்தான்.

கேள்வி: சொந்த வண்டிக்கு மட்டும் பாலிஷ் போட மெஷின் வாங்க நினைக்கிறேன். ரோட்டரியா, டி.ஏ.வா? வண்டி கறுப்பு நிற ஐ20, ஐந்து வயது. இதுவரை மெஷின் பிடித்ததில்லை. (கோவை)

பதில்: டி.ஏ., அதாவது டூயல் ஆக்‌ஷன் மெஷின். யோசிக்கவே வேண்டாம். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. ஓர் இடத்தில் சில விநாடி கூடுதலாக நின்றாலும் சூடேறிப் பெயிண்ட் எரிந்துவிடும். கை பழகியவர் பிடித்தால்கூடக் கறுப்பு வண்டியில் வெயிலில் மினுமினுக்கும் ஹாலோகிராம் கோடு விழும். டி.ஏ. சுற்றிக்கொண்டே வட்டமாக ஆடவும் செய்வதால் சூடு ஒரே இடத்தில் தங்காது. மிகவும் அழுத்தினால் சுழற்சி தானாகவே நின்றுவிடும், பெயிண்ட் தப்பிக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ரோட்டரியில் ஒரு நாளில் முடிவது உங்களுக்கு இரண்டு நாள் பிடிக்கலாம். பிடிக்கட்டும், சொந்த வண்டிதானே. நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பேடுகளுக்கு எடுத்து வையுங்கள். விளிம்புகளுக்கும் பீடிங்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கேள்வி: விலை குறைவான, நல்ல பாலிஷ் மெஷின் ஒன்று சொல்லுங்கள். உடனே பதில் தேவை. (மதுரை)

பதில்: என்ன வண்டி, என்ன நிறம், எத்தனை வயது, இருப்பது கீறலா கறையா, ஒரு வண்டிக்கா தொழிலுக்கா? ஒன்றையும் எழுதவில்லை. இவை தெரியாமல் நான் ஒரு பெயரைச் சொன்னால் உங்கள் பணம்தான் வீணாகும். விவரங்களுடன் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வீட்டில் நாலங்குல ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. அதில் வெல்க்ரோ பிளேட் மாட்டி பாலிஷ் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். (சேலம்)

பதில்: கூடாது. அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பாலிஷ் போடும் ரோட்டரியின் வேகம் 600 முதல் 3,000 வரை. வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள கிரைண்டரும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் மிகக் குறைந்த வேகமே பெரும்பாலும் 3,000-க்குப் பக்கத்தில்தான் தொடங்கும், அதாவது பாலிஷர் முடிகிற இடத்தில். 11,000 சுற்றில் ஃபோம் பேட் கிழிந்து பறக்கும், முகத்தில் அடிக்கும். பெயிண்ட் போவது இரண்டாவது கவலை. டிரில் மெஷினில் மாட்டலாமா என்று கேட்ட நாமக்கல் வாசகருக்கு: ஹெட்லைட் துடைக்க மட்டும் சரி, பானெட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: டி.ஏ. வாங்க முடிவு செய்துவிட்டேன். 15 மி.மீ. வீச்சு உள்ளதா, 21 மி.மீ. உள்ளதா? வண்டி ஸ்விஃப்ட். (திருச்சி)

பதில்: 15. வீச்சு என்பது பேட் வட்டமாக ஆடும் அளவு. இத்தாலியின் ரூபெஸ் போன்றவர்கள் 21 மி.மீ. வீச்சைப் பிரபலமாக்கியது அகலமான, தட்டையான பரப்புகளுக்காக. இன்னோவாவின் கூரைக்கும் பானெட்டுக்கும் அது அருமையாக ஓடும். ஸ்விஃப்டின் வளைந்த கதவிலும் பின்பக்கத் தோளிலும் பேடின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சுழற்சி நின்றுபோகும். பேட் சுற்றாமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருந்தால் கீறல் போகாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பேடை ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றிவருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அழுத்தம் அதிகம், அல்லது மெஷினைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். 8 மி.மீ. வீச்சிலேயே கியர் மூலம் கட்டாயமாகச் சுழலும் மெஷின்களும் உண்டு. அவை நிற்காது, ஆனால் கையை இழுக்கும். முதல் மெஷினாக வேண்டாம்.

கேள்வி: நடுத்தரக் கீறல்களுக்கு மஞ்சள் பேட் வாங்கச் சொன்னார்கள். இணையத்தில் பார்த்தால் ஒருவர் மஞ்சள் கடுமையானது என்கிறார், இன்னொருவர் மென்மையானது என்கிறார். மஞ்சள் பேட் வாங்கலாமா? (சென்னை)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. பேடின் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. லேக் கன்ட்ரி நிறுவனத்தின் வழக்கமான வரிசையில் மஞ்சள் வெட்டுவதற்கு, அதாவது கீறலைத் தேய்த்து எடுப்பதற்கு. மெக்வயர்ஸில் அரக்கு நிறம் வெட்டும், மஞ்சள் பாலிஷுக்கு. ரூபெஸில் நீலம் கடுமை, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை. ஆக, ஒரே மஞ்சள் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. பெட்டிக்குள் ஐந்து நிறத்தில் பெயரில்லாமல் வருகிற பேடுகளைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நிறத்தைச் சொல்லிப் பேட் கேட்காதீர்கள். நிறுவனத்தின் பெயரையும் ‘வெட்டு’, ‘பாலிஷ்’, ‘ஃபினிஷ்’ என்ற வேலையையும் சொல்லிக் கேளுங்கள். கடையிலேயே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: வெட்டும் ஃபோம் விறைப்பாகத் திருப்பித் தள்ளும், ஃபினிஷ் ஃபோம் ரொட்டிபோல அமுங்கும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வண்டியிலேயே சோதனைக் கட்டம் போடுவதுதான் வழி. இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி, மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் கொண்டு தொடங்குங்கள். போதவில்லை என்றால் ஒரு படி ஏறுங்கள். மேலிருந்து இறங்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் பாலிஷ் போட்டுத் தருகிறார்கள். கொண்டுவந்த அன்று கண்ணாடிபோல இருக்கிறது. இரண்டு முறை கழுவியதும் வெயிலில் சிலந்தி வலைபோல வட்டக் கோடுகள் தெரிகின்றன. அடுத்த முறை வேறு பேடில் போடச் சொல்லலாமா? (திருநெல்வேலி)

பதில்: அடுத்த முறை போடவே சொல்லாதீர்கள். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன், இன்றும் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலை பெயிண்ட், தகட்டிலிருந்து மேல்வரை மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான். அதில் நாம் தொட்டு வேலை செய்யக்கூடிய கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல் அடுக்கு, 40, 50 இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 என்றால் புரிந்துகொள்ளுங்கள். கம்பளி பேடும் கடுமையான கம்பவுண்டும் (தேய்க்கும் பசை) வைத்து ஒருமுறை முழுதாக வெட்டினால் சில மைக்ரான் போய்விடும். போனது போனதுதான், எந்த வாக்ஸும் அதைத் திருப்பித் தராது. ஆண்டுக்கு இரண்டு சர்வீஸ், இரண்டு பாலிஷ் என்றால் ஐந்து வருடத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். வண்டியின் ஆயுளுக்கு நாலைந்து முறைக்கு மேல் வெட்டக் கூடாது.

அந்தக் கம்பளி பேடைப் பார்த்திருக்கிறீர்களா? பல வாட்டர் வாஷ் நிலையங்களில் பார்த்திருக்கிறேன். ஒரே பேட்தான், எல்லா வண்டிக்கும். காலையில் செம்மண் பூசிய ஜீப், மதியம் உங்கள் கார். இடையில் மெஷினைக் குப்புறத் தரையில் வைப்பார்கள், பேட் சிமெண்ட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். நூல் நுனிகளில் பழைய கம்பவுண்டு காய்ந்து உப்புக்கல்போல இறுகியிருக்கும். உங்கள் வண்டியில் தெரிகிற வட்டக் கோடுகளைப் போட்டது அதுதான். அன்று தெரியாததற்குக் காரணம் கம்பவுண்டில் உள்ள எண்ணெய். அது கீறலுக்குள் நிரம்பிப் பளபளப்பைக் காட்டும், இரண்டு ஷாம்பூ கழுவலில் கரைந்து போய்விடும். ஆகவே யார் பாலிஷ் போட்டாலும், பணம் கொடுக்கும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பாதி தண்ணீர் கலந்து ஒரு கட்டத்தைத் துடைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கருநீல செடான் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறு வருடம், ஒவ்வொரு சர்வீஸுக்கும் காசு கொடுத்துப் பாலிஷ் போட்டவர். வண்டியை அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தார். பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டரை வைத்தேன். கதவில் 120 மைக்ரான், கூரையில் 110. பானெட்டின் மேடான வரியில் 70. அந்த வரியில் டேப் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் வெள்ளை ஃபினிஷ் பேடை, வேகம் மூன்றில், ஒரே ஒரு முறை ஓட்டினேன். தூக்கிப் பார்த்தபோது ஃபோமில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் ஏறியிருந்தது. மெஷினை அணைத்து வைத்துவிட்டேன். கிளியர் கோட் அங்கே முடிந்துவிட்டது, அடியில் இருக்கும் வண்ணம் வருகிறது. பானெட்டை மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. வண்டி மேல் இருந்த பிரியத்தினால் பணம் கொடுத்தார், அந்தப் பணத்துக்கு அவருடைய பெயிண்டைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வண்டிக்கு: சர்வீஸ் படிவத்தில் ‘பாலிஷ் வேண்டாம், வெறும் கழுவல் போதும்’ என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். பிறகு மீட்டர் வைத்திருக்கும் நல்ல டீட்டெயிலரிடம் (பாலிஷ் வேலை செய்பவர்) காட்டி, கிளியர் கோட் மிச்சம் இருந்தால் ஒரே ஒரு முறை டி.ஏ.வில் திருத்திக்கொள்ளுங்கள். அந்த மீட்டர் தகட்டில்தான் படிக்கும், பிளாஸ்டிக் பம்பரில் படிக்காது. பம்பரில் சூடும் சீக்கிரம் இறங்காது. அங்கே இரட்டிப்புக் கவனம் தேவை.

கேள்வி: என் பழைய அம்பாசடருக்கு பாலிஷ் போட்டால் பேட் முழுக்க வண்டியின் நிறம் வருகிறது. பயமாக இருக்கிறது. (காரைக்குடி)

பதில்: பயப்பட வேண்டாம். அந்தக் காலப் பெயிண்டில் கிளியர் கோட் தனியாகக் கிடையாது, வண்ணமே மேல் அடுக்கு. பேடில் நிறம் ஏறத்தான் செய்யும். மேலே சொன்ன செடானின் கதை வேறு. வெயிலில் வெளுத்த மேல்படலம் போனதும் நிறுத்திவிட்டு வாக்ஸ் போடுங்கள். மேடுகளில் டேப்.

கேள்வி: ஆறங்குல பேடுக்கு ஆறங்குல பேக்கிங் பிளேட் சரிதானே? (ஈரோடு)

பதில்: இல்லை, ஐந்தங்குலம். பேட் பிளேட்டைவிடச் சுற்றிலும் வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கதவுக் கைப்பிடியின் பக்கத்தில் போகும்போது பிளாஸ்டிக் ஓரம் பெயிண்டில் இடிக்கும். ரோட்டரிக்கும் டி.ஏ.வுக்கும் மரை அளவு வேறு, பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவிக் கழுவி வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கம்பளி பேட் போட்டால் போகுமா? (தூத்துக்குடி)

பதில்: கறையோடு கிளியர் கோட்டும் சேர்ந்து போகும். அது சுண்ணாம்புப் படிவு, அமிலத்தில் கரையும். வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து, நிழலில், குளிர்ந்த தகட்டில், துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். பிறகு ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார். அதற்குப் பிறகும் விரல் நகத்துக்குப் பள்ளமாகத் தட்டுப்படுவது பெயிண்டை அரித்துவிட்ட புள்ளி. அதற்கு மட்டும் பாலிஷ் ஃபோமும் டி.ஏ.வும். ஆழமானவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். கழுவிய வண்டியை வெயிலில் காயவிடாமல் துடைத்தால் பாதி கறை வரவே வராது.

கேள்வி: சிறிய டீட்டெயிலிங் கடை தொடங்குகிறேன். மைக்ரோஃபைபர், கம்பளி, ஃபோம் மூன்றும் தேவையா? (ஓசூர்)

பதில்: தொழிலுக்கு மூன்றும் தேவை. டி.ஏ.வில் வேகமாக வெட்ட மைக்ரோஃபைபர், ஆழமான கீறலுக்கும் புதுப் பெயிண்டில் உப்புத்தாள் தடம் எடுப்பதற்கும் கம்பளி. இரண்டும் மங்கல் விடும். அடுத்ததாக ஃபோம் ஓட்டாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு வண்டிக்கு ஐந்தாறு பேடாவது கையில் வேண்டும். இரண்டு பேனலுக்கு ஒன்று மாற்றுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பிரஷ்ஷால் அல்லது காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பெயிண்ட் மீட்டரை முதல் மாதமே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் அடுத்தவர் வண்டியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மேட் பெயிண்ட் வண்டிக்கு எந்த பேட்? (புதுச்சேரி)

பதில்: எதுவும் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும், திரும்ப மேட் ஆகாது.

கேள்வி: வாங்கி இரண்டே முறை பயன்படுத்திய பேடில் வெல்க்ரோ பிரிந்துவிட்டது. மட்டமான சரக்கா? (தஞ்சாவூர்)

பதில்: சரக்கைக் குறை சொல்லும் முன், எத்தனை பேடுகள் வைத்து வண்டியை முடித்தீர்கள்? ஒன்று என்று நினைக்கிறேன். ஒரே பேடை வண்டி முழுக்க ஓட்டினால் நடுப்பகுதி சூடேறிப் பசை உருகும். பாலிஷ் போட, மெஷினின் எடைக்கு மேல் கொஞ்சம் அழுத்தம் போதும். நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்துங்கள். வேலை முடிந்ததும் பேடை மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள். கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்புத் திரவமும் போதும், வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் வேண்டாம். பிழிந்து முறுக்காமல் அழுத்தி நீரை எடுத்து, ஃபோம் பக்கம் கீழே, வெல்க்ரோ மேலே இருக்கும்படி சுத்தமான துணியில் நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் ஜிப் வைத்த பையில் போட்டு மூடுங்கள். இதற்கிடையில் மண் தரையில் விழுந்த பேட் எதுவானாலும், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும், டயர் துடைக்க ஒதுக்கிவிடுங்கள். பெயிண்ட் பக்கம் கொண்டுவராதீர்கள்.