நண்பர்களோடு சேர்ந்து ஆசனம்: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பலவும் இம்முறை ஒரே பொருளைப் பற்றியே இருப்பதால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான்கு தோழிகள். விடுமுறை நாட்களில் காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடக்கப் போவோம். இருவர் இருவராகச் சேர்ந்து ஆசனம் செய்தால் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளரும் என்று எங்களில் ஒருத்தி வீடியோ பார்த்துவிட்டுச் சொல்கிறாள். இன்னொருத்தியோ விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். உண்மையிலேயே நம்பிக்கை வளருமா? எதில் தொடங்குவது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வளரும். பல ஆண்டுகளாக வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் எவ்வளவு கடினமான ஆசனத்தைச் செய்கிறீர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஒருவர் ‘போதும்’ என்று சொன்ன அந்தக் கணமே மற்றவர் நிறுத்துகிறாரா என்பதுதான் கேள்வி. நிறுத்தினால், அடுத்த முறை அவர் இன்னும் கொஞ்சம் தன் பாரத்தைத் தர முன்வருவார். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று இழுத்தால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருடைய உடம்பு இறுகிக்கொள்ளும். ஆகவே பயப்படுகிற தோழியை வைத்துத்தான் நீங்கள் நால்வரும் தொடங்க வேண்டும். யாருடன் இணைவது, எப்போது நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

முதல் சில வாரங்களுக்கு முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்வதே போதுமானது. இருவரும் சுகாசனத்தில் சம்மணமிட்டு, இடுப்பிலிருந்து தோள் வரை முதுகுகள் தொடும்படி அமருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக நிற்குமானால் ஒரு போர்வையை மடித்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஒருவர் மேல் ஒருவர் சாய வேண்டாம், நிமிர்ந்தே இருங்கள். கண்களை மூடிச் சற்று நேரம் இருந்தால், பின்னால் இருப்பவர் மூச்சை இழுக்கும்போது அவருடைய விலா எலும்புகள் விரிவது உங்கள் முதுகிலேயே தெரியும். அவருடைய மூச்சோடு உங்கள் மூச்சை வலிந்து சேர்க்க முயல வேண்டாம். சற்று நேரத்தில் இரண்டும் தாமாகவே நெருங்கி வருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதில் விழுவதற்கு இடமே இல்லை.

அடுத்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யும் விருட்சாசனம். உட்பக்கக் கையால் ஒருவர் இடுப்பை ஒருவர் அணைத்துக்கொண்டு, வெளிப்பக்கக் காலைத் தூக்கிக் கெண்டைக்காலிலோ தொடையிலோ பாதத்தைப் பதியுங்கள். முழங்கால் மூட்டின் மேல் மட்டும் வைக்கக் கூடாது. ஒருவர் தள்ளாடினால் மற்றவர் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. இருவருமே காலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பாரத்தைத் தருவதும் வாங்குவதும் மூன்றாவதாக வருவதில்தான் தொடங்குகிறது. எதிரெதிராக நின்று, விரல்களைக் கோக்காமல், ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றிக்கொள்ளுங்கள். வியர்த்த விரல்கள் வழுக்கும், மணிக்கட்டுப் பிடி வழுக்குவதில்லை. கைகள் நீளும் வரை இருவரும் பின்னால் நகர்ந்து, நாற்காலியில் உட்கார்வதைப் போல மெல்ல இடுப்பைத் தாழ்த்துங்கள். இங்கே பயப்படுகிறவரை எளிதில் அடையாளம் காணலாம்: அவர் முழங்கையை மடக்கிக்கொள்வார், குதிகால் தரையை விட்டு எழும்பும், பார்வை தரையிலேயே இருக்கும். அதாவது அவர் இன்னும் தம் பாரத்தைத் தாமே சுமந்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தம் பிடியும் இழுவையும் மாறாமல் அப்படியே நிற்பது. இழுத்துக் காட்டுவதோ, ‘சும்மா விடு, நான் பிடித்துக்கொள்கிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதோ உதவாது. பிடி மாறவில்லை என்பதை உடம்பு உணர்ந்த பிறகு முழங்கை தானாக நீளும், குதிகால் தரையில் இறங்கும். எழும்போது இருவரில் ஒருவர் ‘எழலாம்’ என்று சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்தே எழ வேண்டும். சொல்லாமல் ஒருவர் எழுந்தால் மற்றவர் பின்னால் சரிந்துவிடுவார்.

சில்வர் பீச்சைப் பற்றியும் ஒரு சொல். உட்கார்ந்து செய்வனவற்றுக்கு மணல் நல்லதே. ஒற்றைக் காலில் நிற்பதற்கும் பாரம் கொடுத்துச் சாய்வதற்கும் உதிரி மணல் ஏற்றதன்று. கால் புதைந்து கணுக்கால் பிசகும். கடலோரத்து ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் அங்கே தரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஆதலால் நிற்கும் ஆசனங்களை வீட்டுக் கூடத்திலோ மொட்டை மாடியிலோ மேட் விரித்துச் செய்யுங்கள். இன்னொன்று: பழகும் நாட்களில் செல்போனில் படம் எடுப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள். தள்ளாடுவதைப் பிறர் பார்ப்பார்கள் என்ற எண்ணமே பாதிப் பயத்துக்குக் காரணமாக இருக்கிறது.

கேள்வி: என் எடை 84 கிலோ, நண்பரின் எடை 56 கிலோ. நாங்கள் சேர்ந்து ஆசனம் செய்யலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: செய்யலாம். உட்கார்ந்து செய்யும் எந்த ஆசனத்துக்கும் எடை வித்தியாசம் தடையில்லை. மணிக்கட்டைப் பற்றிப் பின்னால் சாயும்போது மட்டும், கனமானவர் முழங்காலை அதிகம் மடக்கி, குறைவாகச் சாய வேண்டும். எவ்வளவு சாயலாம் என்பதை மெலிந்தவரே சொல்ல வேண்டும். ஒருவர் கால்களின் மேல் மற்றவர் முழு உடம்பையும் ஏற்றித் தூக்கும் வகைகளை, அருகில் பயிற்றுநர் இல்லாமல் நீங்கள் இருவரும் தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம், எனக்கு இடுப்பில் டிஸ்க் தொந்தரவு உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்தில் என் முதுகின் மேல் சாய்ந்து அழுத்தினால் நன்றாக வளைய வரும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: கூடவே கூடாது. டிஸ்க் தொந்தரவு இல்லாதவர்கள்கூட இதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தொடையின் பின்தசை, நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்போடு இணைந்திருக்கிறது. அது இளகுவதற்கு முன் மேலிருந்து அழுத்தினால் அந்த இணைப்பில் கிழிசல் ஏற்படும், ஆறவும் மாதக்கணக்கில் ஆகும். தசை மேற்கொண்டு நீளாதபோது அழுத்தம் முழுவதும் கீழ் முதுகுக்குப் போகிறது. முதுகு முன்னோக்கி வளைந்த நிலையில் அதன் மேல் பாரமும் சேர்ந்தால், டிஸ்க்கின் உட்பகுதி பின்பக்கமாக, நரம்புகள் இருக்கும் திசையில் தள்ளப்படுகிறது. உங்களுக்கு இது காலில் இறங்கும் வலியாகவோ மரத்துப்போவதாகவோ முடியலாம். முன்குனியும் ஆசனங்களை மருத்துவரைக் கேட்காமல் தனியாகவும் செய்ய வேண்டாம்.

ரத்த அழுத்தம் உள்ள நண்பர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும், மூச்சை அடக்கிப் பிடிப்பதையும் விட்டுவிட வேண்டும். கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் தலைகீழ் நிலை ஆகாது. கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், எலும்பு பலம் குறைந்த முதியவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பிறகே இணைந்து செய்ய வர வேண்டும்.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். உங்கள் உடம்பில் எது நோகும் என்று தெரியாமல் உங்களைத் தாங்கிப் பிடிக்க முன்வருகிறவரை நீங்கள்தான் இக்கட்டில் விடுகிறீர்கள். பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் வலி, அறுவை சிகிச்சை, மாத்திரை ஆகியவற்றை ஒரு நிமிடம் சொல்லிவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருவர் சேர்ந்து செய்யும் ஆசனம் நம் மரபிலேயே இல்லை, வெளிநாட்டாரின் விளையாட்டு என்கிறார் என் பெரியப்பா. சரிதானா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: மரபு நூல்களைப் பொறுத்தவரை உங்கள் பெரியப்பா சொல்வது சரி. தில்லையில் கூத்தனின் நடனத்தைக் கண்டவராகத் தலபுராணம் போற்றும் பதஞ்சலி முனிவரின் பெயரால் வழங்கும் யோக சூத்திரம், ஆசனத்தைப் பற்றி மூன்றே சூத்திரங்களில் பேசி முடித்துவிடுகிறது. அவற்றில் முதலாவது, ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிப்பதோடு, தனித்த இடத்தில் சிறு குடிலில் இருந்து பயில வேண்டும் என்றும் சொல்கிறது. இருவர் சேர்ந்து செய்வது அண்மைக் காலத்து வழக்கம். ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தும் அக்ரோயோகா அமெரிக்காவில் 2003-இல்தான் அந்தப் பெயரோடு பரவத் தொடங்கியது.

என்றாலும், புதியது என்பதற்காகத் தள்ள வேண்டியதில்லை. யோகத்தின் முதல் அங்கமான இயமம் என்னும் ஒழுக்க நெறிகளில் அகிம்சையும் வாய்மையும் முதல் இரண்டாக வைக்கப்பட்டிருக்கின்றன. தோழியின் முழங்காலுக்கு நோகாமல் தாங்குவதும், வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்வதும் அவற்றோடு ஒத்துப்போகிற பழக்கங்கள்தாம். தியானத்தையும் பிராணாயாமத்தையும் மட்டும் தனிமைக்கு விட்டுவைக்கலாம். ஜனவரி 4 முதல் 7 வரை புதுச்சேரியில் நடக்கும் சர்வதேச யோகா விழாவுக்குப் பெரியப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். இருவருக்குமே பேசிக்கொள்ள நிறைய இருக்கும்.

கேள்வி: கல்லூரி யோகாசனப் போட்டிக்காக நானும் என் தோழியும் இணைப் பிரிவில் பயிற்சி செய்தோம். கைகோத்துச் சாயும் ஓர் ஆசனத்தில் அவள் சிரித்துப் பிடியை விட்டதில் நான் பின்னால் விழுந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் இப்போது அவள் கையைப் பிடித்தாலே உடம்பு விறைத்துக்கொள்கிறது. போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கிறது.
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் உடம்பு விறைப்பது இயல்பானது, அதை அடக்க முயல வேண்டாம். முதலில், விழுந்தபோது என்ன நேர்ந்தது என்பதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். ‘நீ சிரித்தாய், கை நழுவியது, நான் விழுந்தேன், இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற அளவே போதும். விளையாட்டாக நடந்ததுதானே என்று அவர் ஒதுக்கினால், அவரோடு பாரம் கொடுக்கும் எந்த ஆசனத்தையும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

அவர் புரிந்துகொண்டால், முதலில் தரைக்குத் திரும்புங்கள். முதுகோடு முதுகு அமர்வதும், எதிரெதிராக அமர்ந்து பாதங்களைச் சேர்த்துக் கைகளைப் பற்றி மெல்ல முன்னும் பின்னும் அசைவதும் உங்களுக்குப் பொருந்தும். அதன் பிறகு நின்று பழகும்போது, விழுந்த ஆசனத்தில் முதலில் அவர் சாயட்டும், நீங்கள் தாங்குங்கள். தாங்குகிறவருக்கு எவ்வளவு கவனம் தேவை என்பது அவருக்கும், பிடி உங்கள் கையிலும் இருக்கிறது என்பது உங்களுக்கும் அப்போது புரியும். உங்கள் முறை வரும்போது பின்னால் சுவரோ தடித்த மெத்தையோ இருக்கட்டும். மூன்றாவது தோழி ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னால் கைகளை நீட்டி நிற்பது இன்னும் நல்லது. ஆசனத்தில் இருக்கும் வரை பேச்சு கிடையாது என்று இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் ‘இறங்கலாம்’ என்று சொல்லி, இறங்கிய பிறகு வேண்டிய மட்டும் சிரிக்கலாம்.

இரண்டு மாதம் என்பது போதுமான அவகாசம். மத்திய அரசு 2020 டிசம்பரில் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்த பிறகு, இணைப் பிரிவில் இருவரும் ஒரே ஆசனத்தை இசைக்கேற்ப ஒரே நேரத்தில் செய்யும் ரிதமிக் பேர் என்ற வகையும் நடத்தப்படுகிறது. முதல் மாதக் கடைசியிலும் உங்கள் தோள்கள் இளகவில்லை என்றால் பயிற்சியாளரிடம் சொல்லி அந்தப் பிரிவுக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.