வயர் மைக்: கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன்

பாளையங்கோட்டைப் பக்கம் மைக் செட் போடுகிறவன் நான். கோயில் கொடை சீசன் வந்தால் போன் ஓயாது. வயர் மைக் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்த கேள்விகளும் பதிலும் இதோ.

அண்ணாச்சி, எங்க வில்லுப்பாட்டுல புலவர் வாயெடுத்தாலே மைக் ‘கூய்’னு கத்துது. மைக் கோளாறா? (அம்பாசமுத்திரம்)

மைக்கைத் திட்டாதீங்க தம்பி, முதலில் மானிட்டர் பெட்டி, அதாவது பாடுகிறவருக்கே குரல் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர், எங்கே இருக்கிறதென்று பாருங்கள். மேடை மைக்கில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை, முகத்துக்கு நேரே வரும் சத்தத்தை நன்றாக வாங்கும், வயர் செருகும் முதுகுப் பக்கம் காது மந்தம். மானிட்டரை அந்த முதுகுக்கு நேரே வையுங்கள், மெயின் பாக்ஸ் மைக்கைத் தாண்டி ஜனங்கள் பக்கம் நிற்கட்டும். அப்புறம் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்டைலாம்! பின்பக்கச் சத்தத்தை வெட்டுகிற துளைகள் அடைபட்டு மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், கத்தாமல் என்ன செய்யும்?

வில்லுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. வில்லில் வீசுகோல் அடி விழும்போதெல்லாம் மேடைப் பலகை அதிர்ந்து, ஸ்டாண்டு வழியாக மைக்குக்குள் ‘தொம் தொம்’ என்று ஏறும். ஸ்டாண்டின் காலுக்கடியில் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள், மைக் வயர் செருகுகிற மிக்சரில், அடிச்சத்தத்தை வெட்டுகிற ‘லோ கட்’ பட்டனை அழுத்துங்கள், பாதி குறைந்துவிடும்.

வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் வேணும்?

இரண்டு விரலிலிருந்து நாலு விரல் கனம். ஒட்டிப் பிடித்தால் அடித்தொண்டை கூடிக் குரல் கொழகொழவென்று கேட்கும், தள்ளிப் பிடித்தால் மெலியும்.

ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் (மூணு முள் உள்ள மைக் பின்), மறுபக்கம் மோனோ பின் (ஒற்றைத் தண்டு) போட்ட வயர். 20 மீட்டர் இழுத்தால் ‘ர்ர்ர்’னு இரைச்சல். (வள்ளியூர்)

அந்த வயர் அவ்வளவு தூரத்துக்கு ஆகாது. இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் இருந்தால் 2-ஆம், 3-ஆம் முட்களில் ஒரே குரல் நேரெதிராகப் போகும், வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் மிக்சரில் ஒன்றையொன்று அடித்துக் கழிந்துவிடும். மோனோ பின்னில் அந்த வசதி கிடையாது. சீரியல் செட் வயரோடு மைக் வயரைச் சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே தாண்டினால் பரவாயில்லை.

மிக்சர்ல மைக்குக்கு வயர் வழியா கரண்ட் அனுப்புற 48 வோல்ட் பட்டனைத் தெரியாம அமுக்கிட்டேன். மைக் போச்சா?

கரண்ட் கேட்காத டைனமிக் மைக்கும் சரியான எக்ஸ்எல்ஆர் வயரும் என்றால் ஒன்றும் ஆகாது. கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்கிற கண்டென்சர் மைக்குக்குத்தான் அது தேவை. சத்தத்தைக் குறைத்துவிட்டு அணையுங்கள்.

மைக் நாறுது அண்ணாச்சி, பாட்டு டீச்சர் மூக்கைப் பொத்துறாங்க. (தென்காசி)

வெற்றிலை எச்சில், பவுடர், நாலு பேர் மூச்சு, நாறாமல் என்ன செய்யும்? வலைத் தலை திருகிக் கழற்றுகிற வகையாக இருந்தால் அதை மட்டும் கழற்றுங்கள், உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சோடு சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். மைக் உடம்பில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. சாரல் காலத்தில் ஃபேனடியில் ஒரு முழுநாள் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். டைனமிக் மைக்குக்குள் காந்தம் இருக்கிறது, திறந்த மைக்கை இரும்புத் தூள் கிடக்கிற மேசையில் வைத்துவிடாதீர்கள்.

வயர் மாசத்துக்கு ஒண்ணு அறுந்துபோகுது.

முழங்கையில் சுற்றுகிறீர்களா? நானும் அப்படிச் சுற்றியவன்தான். ஒரு கொடையில் நடுச்சாமத்தில் குரல் விட்டுவிட்டு வந்து, ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிரித்தால் 2-ஆம் முள்ளில் ஈயப்பற்று விட்டிருந்தது. இப்போது ஒரு வளையம் நேராக, அடுத்தது மணிக்கட்டைத் திருப்பி மறுபக்கமாகப் போடுகிறேன், முறுக்கு ஏறாது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அமுக்கிக்கொண்டு பின்னைப் பிடித்துக் கழற்றுங்கள்.