சீனப் பள்ளியில் படித்த மகள்: பாட்டா, செய்தி வாசிப்பா?

வணக்கம் சகோதரி,

இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 படிக்கும் மகள் மாண்டரின் பாட்டுப் பாடிப் போட்ட காணொளி டிக்டாக்கில் பரவியதிலிருந்து, பாடகி ஆவேன், இல்லையென்றால் சீனச் செய்தி வாசிப்பேன் என்று நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இந்த இரண்டு வேலையிலும் சம்பாத்தியம் வருகிற வழி வேறு வேறு.

மலேசியாவிலிருந்து தைவான் போய் மாண்டரின் பாட்டில் பெயர் வாங்கியவர்கள் உண்டு. நெகிரி செம்பிலானில் பிறந்த பாடகி ஃபிஷ் லியோங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் ஆல்பம் வந்தது 1999 செப்டம்பரில். அதே மாதம் 21ஆம் தேதி தைவானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. புதுப் பாடகியை யார் கவனிப்பார்கள்? அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பம்தான் அவரைத் தூக்கிவிட்டது. அந்த இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சிங்கப்பூரின் ஸ்டெஃபனி சன், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் பட்டம் முடித்துவிட்டு 2000இல் பாட வந்தவர். நாம் படி என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை, அவரே படித்தார் என்றால் காது கொடுக்கும்.

"இந்தியப் பெண் மாண்டரினில் பாடுகிறாளே!" என்ற வியப்பில் உங்கள் மகளின் காணொளிக்கு வந்த கைதட்டல் அது. கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நாலாவது காணொளியில் அந்த வியப்பு போய்விடும். அப்புறம் நிறத்தையும் உடம்பையும் பற்றிய கமென்ட்தான் மிஞ்சும். இப்போதைக்கு அந்தக் கணக்கு உங்கள் கைப்பேசியிலும் திறந்திருக்கட்டும்.

செய்தித் துறையில் உங்கள் மகளுக்கு நிஜமான இடம் இருக்கிறது. அரசு ஒளிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மிலும் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவிலும் தமிழ், மாண்டரின் இரண்டிலும் செய்தி உண்டு. மலாய், ஆங்கிலம், தமிழ், மாண்டரின் நாலும் தெரிந்த நிருபர் எத்தனை பேர் கிடைப்பார்கள்? ஆனால் வாசிப்பது வேலையின் கடைசித் துண்டுதான். அமைச்சரின் மலாய் அறிக்கையைச் செய்தி நேரத்துக்குள் மாண்டரினில் சுருக்கி எழுத வேண்டும், களத்துக்குப் போக வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். அழகாக வாசிப்பதை மட்டும் நம்பினால் ஆபத்து. சீனாவின் சின்ஹுவா செய்தி நிறுவனம் 2018லேயே ஏஐ வாசிப்பாளரைக் காட்டிவிட்டது. 2023இல் ஸ்டெஃபனி சன் குரலிலேயே ஏஐ பாட்டுகள் இணையத்தில் சுற்றின.

சீனத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் சறுக்குவது எழுத்தில். ஆறாம் ஆண்டோடு சீனத்தை விட்டுவிடுவார்கள். பேச்சு அப்படியே இருக்கும், எழுத்து மறந்துபோகும். செய்தி வாசிப்பவர் பார்த்துப் படிக்கும் டெலிபிராம்டர் திரையில் ஓடுவதோ சீன எழுத்து. அதனால் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் சீன மொழித் தாளை விடச் சொல்லாதீர்கள். ஏ வாங்குவது கஷ்டம் என்று சீனப் பிள்ளைகளே ஒதுங்கும் தாள்தான், சரி. இவளுக்கு அதில் பி கிடைத்தாலும் லாபம்.

அவள் சொல்லும் ஆசை எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு வழி. மலாய்ச் செய்தி ஒன்றைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் ஒரு நிமிட மாண்டரின் செய்தியாக எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சீன ஆசிரியர் கேட்டுத் திருத்தட்டும். சில வாரம் சலிக்காமல் செய்தாளானால் காஜாங்கில் உள்ள நியூ இரா பல்கலைக்கழகக் கல்லூரி, கம்பாரில் உள்ள யூடார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஊடகப் படிப்பு பற்றி விசாரியுங்கள்.

பாட்டு ஒப்பந்தம் ஏதாவது வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை வருடம், விளம்பரப் பணத்தில் யாருக்கு எவ்வளவு, நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற மூன்றையும் முதலில் ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்லட்டும்.