செபத்தில் கண்ணீர் வற்றிவிட்டதா?

“12 வருடமாகக் காலை 5 மணிக்கு எழுந்து செபிக்கிறேன், ஃபாதர். முன்பு நற்கருணை முன்னால் உட்கார்ந்தாலே கண்ணீர் வரும். ஒரு வருடமாகச் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. இயேசுவை இன்னும் நெருங்கத்தான் ஆசை. விலகிப் போகிறேனோ என்று பயமாக இருக்கிறது. பரம்பரைச் சாபம்தான் காரணம், 3 நாள் தியானத்துக்கு 6,000 ரூபாய் கட்டினால் முறித்துவிடலாம் என்கிறார் ஒருவர்.”

விலகவில்லை, சகோதரி. செபத்தில் இனிமை நின்றுபோவது வேறு, கடவுள் நம்மை விட்டுப் போவது வேறு. செபத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய புனித அவிலா தெரேசாவே, சில வருடங்கள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததாகத் தன் வரலாற்றில் சொல்கிறார்.

அவரோடு உழைத்த புனித சிலுவை யோவான், செபத்தில் வரும் இந்த வறட்சிக்கு 3 அடையாளம் கொடுத்தார். செபத்திலும் ருசி இல்லை, உலகக் காரியத்திலும் ருசி இல்லை. முன்புபோல் இயேசுவின் பாடுகளை மனக்கண்ணில் நிறுத்தித் தியானிக்க வரவில்லை. கடவுளுக்குச் சரியாகச் செய்யவில்லையே என்ற கவலை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. இந்தக் கவலையைத்தான் நான் முதலில் தேடுவேன். விலகிப் போகிறவருக்கு அது இருக்காது. உங்கள் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். தூக்கம் போய்விட்டதா? சாப்பாடு இறங்கவில்லையா? பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலே எரிச்சலா? காரணம் இல்லாமல் அழுகையா? அப்படியென்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைந்தால்கூட மனம் இப்படிச் சோர்ந்துபோகும். இந்த வறட்சி மனச்சோர்வாலும் வரலாம் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே சிலுவை யோவான் பிரித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டே செபிக்கலாம். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்பவர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம் அந்தச் சாபம். விவிலியத்தில் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை இன்றே வாசியுங்கள். தந்தையின் குற்றத்தைப் பிள்ளை சுமப்பதில்லை. வறண்டுபோன மனதைக் கண்டால் சாபம் முறிப்பதாகச் சொல்லும் இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இன்று சாபம் என்பார்கள், நாளை அபிஷேக எண்ணெய், அடுத்து சாட்சி சொல்ல மேடை. வளையலை அடகு வைத்து இப்படிப் பணம் கட்டிவிட்டு வந்த ஒரு தாய் என் எதிரே உட்கார்ந்து வெறுங்கையைத் தடவிக்கொண்டே பேசியதை நான் மறக்கவில்லை.

இவர்கள் நுழைய வாசலைத் திறந்து வைத்தது குருக்களாகிய நாங்கள்தான். கொடியேற்றத்துக்கும் கட்டட நிதிக்கும் கூட்டம் மேல் கூட்டம் போடுகிறோம். “உங்கள் செபம் எப்படிப் போகிறது?” என்று ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க நேரமில்லை. பாவசங்கீர்த்தனத்தைப் பூசைக்கு முன் 10 நிமிடத்தில் அள்ளிப்போட்டு முடிக்கிறோம். எனக்கு இது ஆறவே இல்லை.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? அதே 5 மணி, அதே இடம், 20 நிமிடம். யோவான் நற்செய்தி 15-இல் திராட்சைக் கொடியின் பகுதியை மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். “என்னோடு இணைந்து இருங்கள்” என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். மனம் குக்கருக்கும் டிபன் பாக்ஸுக்கும் ஓடும். ஓடட்டும், திட்டாமல் கூட்டிவந்து உட்காரவையுங்கள். கண்ணீரை வரவழைக்கப் பாடுபட வேண்டாம். எழுந்துவிடலாம் என்று தோன்றும் நாளில் ஒரு நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்ன வழி அது. வறட்சியான காலத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான்.

மாதம் ஒருமுறை, செபிக்கத் தெரிந்த ஒரு குருவிடமோ அருட்சகோதரியிடமோ பேசுங்கள். அவர் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த 6,000 ரூபாயில் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.