சித்தப்பாவின் 20 லட்சமும் ஏஜென்ட்டின் 45 ஆயிரமும்

கேள்வி: நண்பரோடு சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். நிலம் விற்ற பணத்தில் 20 லட்சம் போடுகிறேன் என்கிறார் சித்தப்பா. அதில் பாதி ரொக்கம். 10 ரூபாய் பங்கை 500 ரூபாய்க்குத் தரப் பேசியிருக்கிறோம். "ஏஞ்சல் வரியை எடுத்துவிட்டார்கள், ஸ்டார்ட்அப் சான்றிதழ் வாங்கினால் 3 வருடம் வரியே கிடையாது, 45 ஆயிரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: ஏஞ்சல் வரி பற்றி அவர் சொன்னது சரி. 2012இல் வந்த அந்த விதிப்படி, உங்கள் பங்கின் நியாய மதிப்பு 200 ரூபாய்தான் என்று அதிகாரி முடிவு செய்தால், மீதி 300 ரூபாயும் கம்பெனியின் வருமானம், அதற்கு வரி. முதலீட்டை வருமானமாகப் பார்த்த இந்தக் கூத்தை ஒழிக்க 12 வருடம் ஆனது. 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் எடுத்தார்கள்.

ஆனால் போனது "ஏன் இவ்வளவு விலை?" என்ற கேள்விதான். "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதுவும் உங்களுடையதைப் போன்ற பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பணம் போட்டவர் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அவருக்கு அது எப்படி வந்தது என்பதையும் காட்ட வேண்டும். சித்தப்பாவின் கிரயப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நம் ஊரில் நடப்பது உங்களுக்கே தெரியும். பத்திரத்தில் 10 லட்சம், கையில் வாங்கியது 20 லட்சம். அவர் ரொக்கமாகத் தருகிறேன் என்பது அந்தப் பாதியாக இருந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள். அவரால் விளக்க முடியாத பணத்துக்கு வரி கட்டப் போவது உங்கள் கம்பெனி. எப்படியும் பங்குக்கான பணத்தை ரொக்கமாக வாங்கவே கம்பெனிச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து சான்றிதழ். ஏஜென்ட்டுகள் ஏமாற்றுவது இங்கேதான். மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டி.பி.ஐ.ஐ.டி. தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேறு, வரிவிலக்கு வேறு. முதலாவதை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாவதும் கிடைத்த மாதிரி பேசுவார்கள். வரிவிலக்குக்கு அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் அங்கீகாரம் பெற்றிருந்தவை ஒன்றரை லட்சத்துக்கு மேல். அந்த மே மாதம் வரை வரிவிலக்கு கிடைத்தவை 3,700 சொச்சம். இதைத்தான் ஸ்டார்ட்அப் புரட்சி என்று மேடையில் பேசுகிறார்கள்! இரண்டு விண்ணப்பத்துக்கும் அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. உங்கள் ஆடிட்டர் உழைப்புக்குக் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயம். "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

கிடைத்தாலும், விலக்கு லாபத்துக்குத்தான். முதல் 10 வருடத்தில் தொடர்ச்சியான ஏதாவது 3 வருடங்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இப்போது அவசரமே இல்லை. கம்பெனிகளுக்கான 22 சதவீத சலுகை வரிக்குப் போனால் இந்த விலக்கு கிடையாது. போகாவிட்டால், விலக்கு கிடைத்தாலும் மேட் என்ற குறைந்தபட்ச வரி துரத்தும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது நம் வரிச் சட்டத்துக்குப் புதிதல்ல. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வேறு. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. அதைக் காட்டிப் பயமுறுத்தி யாராவது தனியாகக் காசு கேட்டால், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் பங்கு மதிப்பு அறிக்கை வாங்குங்கள். ஏஞ்சல் வரி போய்விட்டதே, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இதைக் கேட்பது கம்பெனிச் சட்டம். சித்தப்பா தன் சொந்தக் கணக்கிலிருந்து, கம்பெனி இதற்கென்று வைத்திருக்கும் தனி வங்கிக் கணக்குக்கு அனுப்பட்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கை ஒதுக்கி, அடுத்த 15 நாளுக்குள், பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் பாஸ்-3 படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். அது முடியும்வரை அந்தப் பணத்திலிருந்து சம்பளம்கூடப் போடக் கூடாது.