தூங்கிப்போன ஜெபமும் கிளிஞ்சல் சத்தமும்

அன்புள்ள ஐயா,

குழந்தை தெரேசம்மாளின் தன்வரலாற்றை இந்தத் தவக்காலத்தில்தான் முழுதாக வாசித்தேன். ஒரு சந்தேகம். ராத்திரி ஜெபமாலையின் ஐந்து தேவ ரகசியங்களில் மூன்றாவதைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். இப்படிச் சொல்லும் ஜெபம் கணக்கில் சேருமா? விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கலாம் என்றால், மாமியாரும் அதே நேரத்தில் எழுந்து இருமிக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் ஜெபிக்கிறார், கவனம் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஜெபித்தால் போதும்? தெரேசம்மாளிடம் வேண்டிக்கொண்டால் ரோஜாப்பூ அடையாளமாக வரும் என்கிறார்களே, உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

எத்தனை நிமிடம் என்று உங்கள் பங்குச் சாமியாரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாது, ஆனால் ஏதாவது சொல்லி அனுப்புவார். ரோஜாப்பூவை விட்டுவிடுங்கள். பூவைக் காட்டிக் காட்டியே அந்தப் பெண்ணைச் சர்க்கரைப் பொம்மை ஆக்கிவிட்டோம். 15 வயதில் பிரான்சின் லிசியே ஊரில் கார்மேல் சபைக் கன்னியர் மடத்துக்குள் போனவர், 1897இல் காசநோயில் மூச்சுத் திணறிச் செத்தபோது வயது 24. கடைசி மாதங்களில் விசுவாசமே இருண்டுபோனதாக எழுதியிருக்கிறார். சர்க்கரைப் பொம்மை தாங்கக்கூடிய சாவு இல்லை அது.

தூக்கத்துக்கு அவரே பதில் சொல்லிவிட்டார், நீங்கள் பக்கத்தை வேகமாகத் திருப்பியிருக்கிறீர்கள். ஏழு வருடமாகத் தியான நேரத்தில் தூங்குகிறேன், அதற்காக வருத்தப்படவில்லை என்கிறார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரே ஆசைதான். வைத்தியர்களும் நோயாளியைத் தூங்கவைத்துத்தானே அறுவை செய்கிறார்கள் என்று வேறு கேட்கிறார். தனியாக ஜெபமாலை சொல்வது உடம்பை வருத்தும் தவக்கருவியை உடம்பில் கட்டிக்கொள்வதைவிடக் கஷ்டம் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டவரும் அவர்தான். ஆகவே நிம்மதியாகத் தூங்குங்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விகளுக்காக அல்ல. போகிற போக்கில் மாமியாரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியை, சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் எழுதியதை, மறுபடி எடுங்கள். மாலைத் தியானத்தில் அவருக்குப் பின்னால் ஒரு கன்னியாஸ்திரி உட்காருவார். வந்து உட்கார்ந்ததுமே ஒரு சின்னச் சத்தம், இரண்டு கிளிஞ்சல்களை உரசுவதுபோல. தெரேசம்மாளுக்குக் காது கூர்மை, வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி ஒரு முறை முறைத்தால் சத்தம் நின்றுவிடும். அவர் திரும்பவில்லை. அடக்கிக்கொண்டதில் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டதாம். கேட்காமல் இருக்க முயன்று பார்த்தார், முடியவில்லை. அப்புறம்தான் அந்தச் சத்தத்தையே ஒரு கச்சேரிபோலக் கவனித்துக் கேட்டு, அந்தக் கச்சேரியை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். தன் ஜெபம் ‘அமைதி ஜெபம்’ இல்லை என்று அங்கே ஒரு குறும்பும் உண்டு. அதே கார்மேல் சபையின் பழைய புனிதை அவிலா தெரேசா ஜெபத்தின் ஒரு படிக்கு வைத்த பெயர் அது.

எத்தனை பிரசங்கத்தில் இதைப் ‘பொறுமை’ என்று சுருக்கிக் கேட்டிருக்கிறேன்! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதை முதலில் செய்து பார்த்தார், வியர்வைதான் மிச்சம். அந்தச் சத்தம் ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தவரைக்கும் அவரால் ஜெபிக்க முடியவில்லை. சத்தத்தை ஜெபத்துக்குள் எடுத்துக்கொண்ட பிறகு முடிந்தது. இருபது சொச்சம் பெண்கள் ஆயுள் முழுக்க அடைபட்டிருந்த மடம் அது. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவள் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிடுவாள். எதைச் செய்தாலும் எரிச்சல் மூட்டுகிற இன்னொருத்தியிடம் இவர் வலியப் போய்ச் சிரித்ததில், என்னிடம் உனக்கு என்ன அப்படிப் பிடித்திருக்கிறது என்று அவளே கேட்டுவிட்டாள். இவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் தனியாக ஜெபிக்கவில்லை, ம.! நீங்கள் தெரேசம்மாளை வாசிப்பதற்காக மாமியாரின் அறைக்கதவைச் சாத்துகிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம் உங்கள்மேல் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு அத்தை இருந்தார். சின்ன வயதிலேயே தாலி அறுத்து வந்தவர். நாங்களெல்லாம் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று சொல்ல, அவர் மட்டும் பழைய ஜெபத்தை விடமாட்டார். ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று அவர் இழுத்து முடிப்பதற்குள் நாங்கள் பாதி தாண்டியிருப்போம். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவர் குரல் மட்டும் பின்னால் தனியாக வரும். நான் அப்போது காலேஜ் முடித்த பெரிய மனுஷன். ஒரு நாள், “அத்தை, ஒண்ணா எங்களோட சொல்லுங்க, இல்லன்னா மனசுக்குள்ள சொல்லுங்க” என்றேன். மறுநாளிலிருந்து அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்தார். உதடு மட்டும் அசையும். சாகும்வரை அப்படித்தான்.

இப்போது வீட்டில் ஜெபமாலையை நான்தான் நடத்துகிறேன். முதல் வரி முடிந்ததும் என்னையறியாமல் கொஞ்சம் நிறுத்துகிறேன், பின்னால் வருகிறவருக்காக. “தாத்தா தூங்கிட்டார்” என்கிறான் பேரன்.

சரி, மாமியாரின் இருமலை எந்த டாக்டரிடமாவது காட்டினீர்களா? அதை எழுதவே இல்லையே.