பாங்காங் ஏரிக்கரையில் விடுதி: 80 லட்சம் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். குடும்பத்தோடு லடாக் போயிருந்தபோது பாங்காங் ஏரிக்கரையில் ஸ்பாங்மிக் கிராமத்தில் தங்கினோம். அந்த விடுதியை நடத்தும் உள்ளூர்க்காரர், 20 காட்டேஜ் கட்ட 80 லட்சம் கொடுத்தால் பாதிப் பங்கு தருகிறேன் என்கிறார். லே நகரத் தரகர் ஒருவர் ஆண்டுக்கு நான்கு கோடி வரவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏரிக்கரை நிலத்தையே என் பெயரில் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: தரகர் கொடுத்த தாளிலிருந்தே தொடங்குகிறேன். 20 அறை, 365 நாள், 70 சதவீதம் நிரம்பும், அறை வாடகை 8,000 ரூபாய். பெருக்கினால் 4 கோடியே 8 லட்சத்து 80 ஆயிரம் வருகிறது. பெருக்கல் சரிதான்; 365 என்ற எண்தான் தவறு.

பாங்காங் ஏரி 4,225 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேலேயே கரையோர லுக்குங் கிராமத்திலிருந்து மான் என்ற கிராமம் வரை 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள். அப்படி இறுகிக் கிடக்கும் மாதங்களில் நம் ஊர்க் குடும்பங்கள் அங்கே போய்த் தங்குவதில்லை. மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய, கணக்குக்கு 140 நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எல்லா நாளும் கூட்டம் இருக்காது. பாதி அறைகள் நிரம்பினால் 1,400 அறை இரவுகள். 8,000 என்பது விளம்பரப் பலகையில் எழுதும் விலை. ஏஜென்ட் மூலம் வருபவர்களிடமிருந்து, இரவுச் சாப்பாடும் காலைச் சிற்றுண்டியும் சேர்த்து, 5,000 கையில் நின்றால் நல்லது. ஆக மொத்த வரவு 70 லட்சம்.

செலவு? மளிகை, டீசல், சமையல்காரர் எல்லாம் லேயிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ சாங்லா கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். வரவில் 60 சதவீதம் இதிலேயே போய்விடும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். மிச்சம் 28 லட்சம். குத்தகைக்கும் பழுதுபார்ப்புக்கும் 8 லட்சம் ஒதுக்கினால் 20 லட்சம். உங்கள் பாதி 10 லட்சம். போட்ட முதல் திரும்பவே எட்டு ஆண்டுகள். இதுவும் ஒரு சீசன்கூடக் கெடாமல் இருந்தால்தான்.

சீசன் கெடும். 2020 மே மாதம் ஏரியின் வடகரையில் இந்திய, சீனப் படைகள் மோதின. கொரோனாவும் சேர்ந்துகொள்ள அந்த ஆண்டு முழுதும் போயிற்று. 2021 ஜனவரியில்தான் சுற்றுலாப் பயணிகளை மறுபடி அனுமதித்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் தாக்குதல். மே மாதத்தில் லே விமான நிலையம் சில நாள் மூடப்பட்டது. சீசன் முடியும் தறுவாயில், செப்டம்பர் 24 அன்று லேயில் நடந்த போராட்டத்தில் நான்கு பேர் உயிரிழந்து ஊரடங்கு வந்தது. நான்கு சீசனில் ஒன்று கையைவிட்டுப் போகும் என்று வைத்தால் உங்கள் எட்டு ஆண்டு, பதினோரு ஆண்டாகிவிடும்.

அந்தப் போராட்டத்தின் காரணத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யூனியன் பிரதேசமான லடாக்குக்கு மாநிலத் தகுதி, பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு ஆகியவை போராடியவர்களுடைய முதன்மையான கோரிக்கைகள். அவற்றின் அடியில் இருப்பது நிலத்தைப் பற்றிய அச்சம். வெளியாட்கள் அங்கே நிலம் வாங்கத் தடையாக இருந்த 370, 35ஏ பிரிவுகள் 2019 ஆகஸ்ட்டில் செல்லாமல் ஆனதிலிருந்து, வெளியாட்கள் வந்து நிலத்தை வாங்கிக்கொள்வார்கள் என்று லடாக் மக்கள் கவலைப்படுகிறார்கள். உங்கள் தரகர் வாய்ப்பு என்று சொல்வதும் அவர்கள் ஆபத்து என்று சொல்வதும் ஒன்றைத்தான். ஏரிக்கரையில் பெரும்பகுதி அரசு நிலமும் ஊர் மேய்ச்சல் நிலமும். பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா மக்களின் வாழ்வு அதில்தான் இருக்கிறது. நாளைக்குச் சட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும், ஊரார் ஏற்காத பத்திரத்தை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் ஒரு நாள்கூட விடுதி நடத்த முடியாது. நிலம் வாங்கும் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அது நியாயமும் அல்ல.

சரி, 20 காட்டேஜ்? ஒரு செப்டம்பர் விடியலில் ஸ்பாங்மிக்கில் ஒரு விடுதியின் பின்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு நீர் வடித்துவிட மறந்த ரப்பர் குழாயை ஒரு பையன் தூக்கி உதறினான். உள்ளே பனிக்கட்டி கலகலவென்று உருண்டது. எரிவாயு அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சி, அறைக்கு ஒரு வாளி என்று எண்ணி எண்ணி எடுத்துப் போனான். ஏரியில் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஆனால் அது உவர்நீர். குடிக்கவும் குளிக்கவும் மலையிலிருந்து இறங்கும் ஓடையைத்தான் நம்ப வேண்டும். அங்கே வருகிறவர் பெரும்பாலும் ஒரே இரவுதான் தங்குகிறார். உயரத்தால் தலைவலி, மூச்சுத் திணறல். மறுநாள் காலையில் கிளம்பிவிடுவார். அதனால் தினமும் எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்ற வேண்டும். 20 அறையின் துணியைத் துவைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று விடுதி நடத்தும் உங்கள் நண்பரிடம் கேளுங்கள். சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டைக் கண்ட ஊர்க்காரர் நீங்கள். இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதல்ல.

கழிவுநீர் அதைவிடப் பெரிய சிக்கல். பாங்காங்கிலிருந்து வெளியேறும் ஆறு கிடையாது. உள்ளே போனது உள்ளேயே கிடக்கும். கரையோர மணலில் குழி தோண்டி விட்டால் அது ஏரிக்குத்தான் போய்ச் சேரும். லடாக் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் உலர் கழிப்பறை, மண் தூவி எருவாக்கிக் கழனிக்குப் போடுவது. அந்த மண்ணுக்குப் பொருந்துவதும் அதுதான். வெஸ்டர்ன் டாய்லெட் கேட்கும் விருந்தினருக்காக அதைக் கைவிடுகிறவர் நாலு காசு பார்ப்பார், ஏரியைக் கெடுப்பார். இந்த வட்டாரம் சாங்தாங் வனவிலங்குச் சரணாலயப் பகுதி. கருங்கழுத்துக் கொக்கு வந்து குஞ்சு பொரிக்கும் நிலம். சுற்றுலாத் துறைப் பதிவு, வனவிலங்குத் துறை இசைவு, மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி ஆகியவற்றின் நகல்களைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கோபா எனப்படும் ஊர்த்தலைவரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, சிறிய அளவில். ஆறு அறை, 25 லட்சத்துக்குள். நிலம் அவருடையது, தொழிலும் அவர் பெயரில். உங்கள் பணம் பிரித்து லாரியில் ஏற்றக்கூடிய பொருளாக மட்டும் இருக்கட்டும்: ஆயத்தச் சுவர்ப் பலகைகள், சூரிய மின்தகடுகள், மின்கலங்கள், கட்டில்கள். எல்லாவற்றின் ரசீதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டிதான். ஆனால் அந்த விகிதத்தில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது; அதை முதலீட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இடத்தைக் குத்தகைக்கு எடுப்பதானால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். சீசன் நின்றுபோன ஆண்டில் குத்தகைத்தொகை பாதியாகும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடம் ஸ்பாங்மிக்காகவே இருக்க வேண்டியதில்லை. அங்கே நெருக்கம் அதிகம். மான், மேரக் ஆகிய கரையோரக் கிராமங்கள் வழியாகச் சுஷுல் கடந்து ஹான்லே என்ற ஊருக்குப் போகும் பயணிகள் பெருகிவருகிறார்கள். 2022 இறுதியில் ஹான்லே, செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி நட்சத்திரம் பார்க்க ஏற்றதாக வைத்திருக்கும் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர் இளைஞர்களுக்குத் தொலைநோக்கி இயக்கப் பயிற்சி கொடுத்து, வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாடு அங்கே நடக்கிறது. மேரக்கில் நான்கைந்து அறையோடு, வீட்டுக்காரரே சமைத்துப் போடும் இடத்துக்கு எதிர்காலம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முடிவெடுப்பதற்கு முன் அக்டோபர் முதல் வாரத்தில் தனியாக ஒருமுறை போய் வாருங்கள். லேயில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகே கணவாய் ஏறுங்கள். அந்த நண்பர் விடுதியை எப்படி மூடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்: குழாய்களில் நீர் வடிக்கிறாரா, வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கி தீர்க்கிறாரா, சீசன் முழுதும் சேர்ந்த குப்பையை லாரியில் ஏற்றுகிறாரா, இல்லை பின்பக்கம் குழிவெட்டிப் புதைக்கிறாரா என்று.